நின்று பார்த்தவர்கள்: வடசென்னையின் கேலரி ஏக்கம்

கால்பந்து ரசிகர்களிடம் உலகெங்கும் காணப்படும் ஓர் உணர்வு உண்டு. இடிக்கப்பட்ட அல்லது உருமாற்றப்பட்ட பழைய அரங்கத்தை, அதிலும் குறிப்பாகத் தாங்கள் தோளோடு தோள் உரச நின்று ஆட்டம் பார்த்த படிக்கட்டுப் பகுதியை நினைத்து ஏங்குவதே அது. தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று நீளும் வடசென்னையிலும் இந்த ஏக்கம் இருக்கிறது. பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் கூடும் டீக்கடைகளில் பேச்சு எங்கே தொடங்கினாலும், பெரியமேட்டில் இருந்த பழைய ஸ்டேடியத்தின் கேலரியில் வந்து நிற்கும். இக்கட்டுரை அந்த ஏக்கத்தை மதிப்பிட முயல்கிறது. அதில் நியாயம் எவ்வளவு, மறதி எவ்வளவு, அதைத் திரைப்படங்கள் எவ்வாறு கையாண்டிருக்கின்றன, அந்த ஏக்கத்திலிருந்து இன்றைக்குக் கேட்கத்தக்க கோரிக்கை என்ன என்பவை இங்கே பேசப்படுகின்றன.

அரங்கமும் அதன் உருமாற்றமும்

இன்று ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் எனப்படுவது ஒரு காலத்தில் மாநகராட்சி விளையாட்டரங்கம் என்று அறியப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பின்னால், பெரியமேட்டை ஒட்டி அமைந்திருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து பார்த்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்து சேரக்கூடிய தூரம் அது.

1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் அல்ல, இங்கேதான் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள் சேர்த்தது இந்த மைதானத்தில். அந்தச் சாதனை 52 ஆண்டுகள் நிலைத்து, 2008-இல்தான் முறியடிக்கப்பட்டது. 1967 ஜனவரியில் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. அதன்பின் இந்த அரங்கம் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் உரியதாயிற்று. 1980-இல் முகமது அலி சென்னை வந்தபோது ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதியதும் இங்கேதான். சற்றுத் தள்ளியிருக்கும் கண்ணப்பர் திடல், வடசென்னைக் குத்துச்சண்டை நினைவுகளில் தவறாமல் இடம்பெறும் பெயர்.

1993-இல் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காக அரங்கம் புதிதாகக் கட்டப்பட்டது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் இங்கே நடந்தன. 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணிக்கு இது சொந்த மைதானம். அந்த அணி 2015-இலும் 2017-18 பருவத்திலும் பட்டம் வென்றது.

ஆகவே வடசென்னை ரசிகரின் ஏக்கம் லண்டன் ரசிகரின் ஏக்கத்திலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. ஆர்சனல் அணி 2006-இல் ஹைபரியை விட்டுச் சென்றது. வெஸ்ட் ஹாம் அணி 2016-இல் அப்டன் பார்க்கை விட்டுச் சென்றது. இரண்டு இடங்களிலும் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அங்கே இழந்த இடத்தைச் சுட்டிக்காட்டலாம். இங்கே இடம் அப்படியே இருக்கிறது, பெயரும் இருக்கிறது. போனது அந்த இடத்துக்கும் பேட்டைக்கும் இருந்த தொடர்பு. கண்ணெதிரே இருக்கும் ஒன்றை இழந்துவிட்டதாகச் சொல்வதால்தான் இந்த ஏக்கம் கேட்பவர்களுக்கு வெறும் பெருமூச்சாகத் தோன்றுகிறது.

கேலரியும் தரை டிக்கெட்டும்

ஆங்கிலேய ரசிகர்கள் ஏங்கும் டெரஸ் நிற்பதற்கென்றே கட்டப்பட்டது. தாழ்வான படிகளும் இடையிடையே சாய்ந்துகொள்ள இரும்புத் தடுப்புகளும் அதில் இருக்கும். நம் கேலரி அப்படியல்ல. அது உட்காரும் உயரத்தில் கட்டப்பட்ட சிமெண்ட் படிக்கட்டு. இருக்கை எண் கிடையாது, முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கூட்டம் குறைந்தால் உட்காரலாம், துண்டு விரித்துப் படுக்கலாம். கூட்டம் கூடினால் எழுந்து நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர் எழுந்தால் பின்னால் இருப்பவரும் எழுந்தாக வேண்டும். நிற்பது இங்கே கட்டட விதி அல்ல, ஆட்டத்தின் போக்கும் கூட்டத்தின் அளவும் தீர்மானிக்கும் விஷயம்.

இதற்குச் சரியான உள்ளூர் ஒப்புமை திரையரங்கின் தரை டிக்கெட். மிகக் குறைந்த காசு, திரைக்கு மிக அருகே இடம், யார் பக்கத்தில் யார் என்ற வரையறை இல்லாமை, விசிலடிக்கும் உரிமை ஆகிய நான்கும் கேலரிக்கும் பொருந்தும். தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய அகஸ்தியா திரையரங்கம் 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டபோது எழுந்த நினைவுகூரல்களும் கேலரியைப் பற்றிய பேச்சும் ஒரே குரலில் இருந்தன. இரண்டிலும் ஒலித்தது, நாம் போகக்கூடிய இடமாக அது இருந்தது என்ற வாக்கியம்தான்.

இந்த வாக்கியத்தில்தான் ஏக்கத்தின் மையப் பொருள் இருக்கிறது. கேலரி என்பது வசதிக் குறைவின் பெயர் அல்ல, நுழைவுரிமையின் பெயர். முன்பதிவு தேவையில்லை. ஆட்டம் தொடங்கிய பின்னும் வரலாம். தெருவிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து வந்தால் பத்துப் பேரும் ஒன்றாகவே நிற்கலாம். இருக்கை எண் வந்ததும் முதலில் உடைவது இந்தக் கூட்டுதான். பத்து டிக்கெட்டும் பத்து இடத்தில் கிடைக்கலாம். ரசிகர் கூட்டம் தனித்தனிப் பார்வையாளர்களாகப் பிரிந்துவிடுகிறது.

எந்த நினைவு எழுதப்படுகிறது

சென்னையில் மைதான ஏக்கம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது சேப்பாக்கம்தான். பொங்கல் டெஸ்ட், வெற்றிலைப் பெட்டியும் புளியோதரையுமாக வந்த குடும்பங்கள், ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்த ரசிகர்கள் என்று அதைப் பற்றிய சித்திரம் பலமுறை எழுதப்பட்டு உறுதியாகிவிட்டது. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது அந்தச் சித்திரத்தின் உச்சம். அது உண்மையிலேயே பெருமைக்குரிய தருணம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேப்பாக்கத்தின் ரசிகர் அறிவார்ந்தவர் என்று எழுதப்பட்டார். பெரியமேட்டுக் கேலரியின் ரசிகர் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. எழுதப்பட்ட இடங்களிலும் ரகளை செய்பவராகவே வந்தார். சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள், அனுமதிச் சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். அது தொடர்ந்து நாளிதழ்ச் செய்தியாக இருந்தது. வடசென்னையின் பேட்டைக்குள் ஒரு திடல் சுருங்கினாலோ, பூட்டப்பட்டாலோ, லாரி நிறுத்துமிடமாக மாறினாலோ அது செய்தியாவது அரிது.

இதன் விளைவு, வடசென்னையின் கேலரி ஏக்கத்துக்கு ஆவணம் இல்லை. எந்த ஆண்டு, எந்த அணி, யார் போட்ட கோல் என்பவை வாய்மொழியில்தான் இருக்கின்றன. வாய்மொழிக்கு உரிய பலமும் பலவீனமும் அதற்கு உண்டு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கூட்டம் பெரிதாகிறது, கோல் இன்னும் தூரத்திலிருந்து அடிக்கப்படுகிறது. துறைமுகம், சுங்கத்துறை, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள் சென்னைக் கால்பந்தை நடத்திய காலம் அது. வேலைவாய்ப்பும் ஆட்டமும் இணைந்திருந்த அந்த ஏற்பாடு மங்கியபோது கேலரியும் வெறுமையானது என்ற காரணத்தை வாய்மொழி பெரும்பாலும் தவறவிடுகிறது. தனக்குத் தெரிந்த ஒருவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் அணி என்பதற்காகவே கேலரிக்கு வந்தவர்கள் பலர். புதிய அரங்கம் கூட்டத்தைத் துரத்தியது என்பது பாதி உண்மை. கூட்டத்தை அழைத்துவந்த கயிறு ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது என்பது மீதிப் பாதி.

திரையில் வந்த கூட்டம்

எழுத்தில் வராத இந்தக் கூட்டத்தைத் திரைப்படம் ஓரளவு பதிவு செய்திருக்கிறது. இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

பா. ரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ (2021) 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றியது. கால்பந்துப் படம் அல்ல. எனினும் நாம் பேசும் கேலரியின் மிகச் சிறந்த சித்திரம் அதில்தான் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன் சண்டை பார்க்க ஓடும் ஓட்டத்தில் ஷிப்ட்டுக்கும் மைதானத்துக்கும் உள்ள உறவு முழுவதும் வந்துவிடுகிறது. படத்தில் கூட்டம் பின்னணி அல்ல. அது கணக்குப் போடுகிறது, வாத்தியாரின் முகத்தைப் படிக்கிறது, எதிர்ப் பரம்பரையின் கால் நகர்வை விமர்சிக்கிறது. ‘டான்சிங் ரோஸ்’ ஆடும் சண்டையில் பார்வையாளரும் மெல்ல மெல்ல அந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்வதுபோல் காட்சி அமைந்திருக்கிறது. அறிவார்ந்த ரசிகர் என்ற பட்டம் சேப்பாக்கத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி சண்டையின் நடுவே வந்து விழுவதன் மூலம், அந்தக் கூட்டம் ஓர் அரசியல் திரளும்கூட என்பதைப் படம் சொல்லிவிடுகிறது.

படத்தின் குறையும் ஏக்கத்தின் குறைதான். அந்தத் திரளில் பெண்களுக்கு இடமில்லை. பாக்கியமும் மாரியம்மாவும் வலுவாக எழுதப்பட்டவர்கள். ஆனால் அவர்களுக்கு மேடை வீடுதான். வளையத்தைச் சுற்றி நடப்பதன் விளைவை அவர்கள் வீட்டிலிருந்து சுமக்கிறார்கள். பாக்கியம் மகனை அடிப்பது கேலரியின்மீதான முதல் விமர்சனம். படம் அதைத் தொட்டுவிட்டு, இறுதியில் வளையத்தின் வெற்றிக்கே திரும்பிவிடுகிறது.

அட்லி இயக்கிய ‘பிகில்’ (2019) நேரடியாகவே கால்பந்தை எடுத்துக்கொண்டது. வடசென்னைக் குடியிருப்பிலிருந்து எழும் ஆட்டக்காரன், பின்னர் பெண்கள் அணியின் பயிற்சியாளர் என்ற கதை. பெண்களை ஆடுகளத்துக்குக் கொண்டுவந்ததில் ‘சார்பட்டா’ செய்யாததை அது செய்தது. ஆனால் அதன் அரங்கம் எந்த ஊருக்கும் உரியதல்ல. தொலைக்காட்சி ஒளிபரப்புபோல் பளபளக்கும் இருக்கை வரிசைகள், ஒரே நேரத்தில் கத்தும் முகமற்ற கூட்டம். அங்கே ரசிகருக்கு ஆட்டத்தைப் பற்றிக் கருத்து எதுவும் இல்லை. கதாநாயகனுக்குக் கைதட்டுவதே வேலை. பேட்டையின் திடலிலிருந்து புறப்பட்ட கதை, பேட்டைக்காரன் யாரும் உட்கார்ந்திராத ஓர் அரங்கில் முடிகிறது. இயக்குநர் நினைத்தாரோ இல்லையோ, 1993-க்குப் பிந்தைய உண்மையான நிலைமையின் படம் அது.

ஏக்கம் மறப்பவை

பழைய கேலரியைப் போற்றுபவர்கள் மூன்று விஷயங்களைப் பேசுவதில்லை.

முதலாவது உயிர். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் மோதிய ஆட்டத்தில் கேலரியில் கலவரம் மூண்டு, நெரிசலில் 16 பேர் இறந்தனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்பதற்கு எந்த ஏக்கமும் ஈடாகாது. இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் 1989 ஏப்ரல் 15 அன்று நேர்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் நிற்கும் பகுதியின் கம்பி வேலியில் நசுங்கியவர்கள்.

இரண்டாவது பெண்கள். எவர் பக்கத்திலும் எவரும் நிற்கலாம் என்ற சுதந்திரம் ஆண்களின் சுதந்திரமாகவே இருந்தது. கழிப்பறை இல்லாத கேலரியில், இருட்டிய பின் முடியும் ஆட்டத்துக்கு, கூட்ட நெரிசலில் எந்தப் பெண் வந்திருக்க முடியும்? இருக்கை எண் வந்தபின்தான் குடும்பத்தோடு வந்தவர்கள் உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல் கேலரியை மக்களின் இடம் என்று அழைப்பது, மக்கள் தொகையில் பாதியைக் கணக்கிலிருந்து நீக்குவதாகும்.

மூன்றாவது வெயிலும் மழையும். கூரை விலையுயர்ந்த இருக்கைக்கு மேல்தான் இருந்தது. கொதிக்கும் சிமெண்ட் படியில் உட்கார நேர்ந்தது ஏழ்மையின் விளைவு. அதை வீரமாக நினைவுகூர்வது அனுபவித்தவரின் உரிமை. ஆனால் அடுத்த தலைமுறைக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது.

இங்கிலாந்து கற்றுத்தரும் பாடம்

எனில் ஏக்கம் பிழையா? இங்கே ஹில்ஸ்பரோவுக்குப் பின் நடந்தவை உதவுகின்றன. நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தது. முதல் இரண்டு நிலை அணிகளின் அரங்குகள் 1994-க்குள் முழு இருக்கை அரங்குகளாக மாற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆனால் அதே அறிக்கை, நிற்பது இயல்பிலேயே ஆபத்தானதல்ல என்றும் கூறியது. இருக்கை வந்தால் கட்டணம் பெரிதாக உயரத் தேவையில்லை என்றும் அது கருதியது. நடந்தது நேர்மாறு. அரங்குகள் பாதுகாப்பாயின, கட்டணம் பல மடங்கு உயர்ந்தது, தொழிலாளிக் குடும்பங்கள் வெளியே நின்றன.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம். 97 பேரைக் கொன்றது அவர்கள் நின்றுகொண்டிருந்தது அல்ல. அங்கே காவல்துறை கூட்டத்தை நிர்வகித்த விதமே முதன்மைக் காரணம். 2016-இல் விசாரணை மன்றம், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும், ரசிகர்கள்மீது தவறில்லை என்றும் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் டார்ட்மண்ட் அணியின் தெற்குப் பகுதியில் சுமார் 25,000 பேர் இன்றும் நின்றபடி ஆட்டம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தடுப்புக் கம்பி வைத்த நிற்கும் பகுதிகளுக்கு 2022-இல் இங்கிலாந்தும் அனுமதி தந்தது.

இருக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தனர். உள்ளே அனைத்தும் இருக்கைகள்தாம். கூட்டத்தை மதித்து அதற்காகத் திட்டமிடாத இடத்தில் நிற்பவரும் சாவார், இருக்கையை நோக்கி வருபவரும் சாவார்.

எது திரும்ப வேண்டும்

வடசென்னையின் ஏக்கத்திலிருந்து மறதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தெளிவான கோரிக்கை. படிக்கட்டு திரும்ப வேண்டாம், நுழைவுரிமை திரும்ப வேண்டும்.

இதற்கு முதல் தடை அரங்கத்தின் வடிவம். நேரு அரங்கம் பல விளையாட்டுகளுக்கும் பொதுவாகக் கட்டப்பட்டது. ஆடுகளத்தைச் சுற்றித் தடகள ஓடுபாதை இருப்பதால், முதல் வரிசையில் இருப்பவரும் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து விலகியே இருக்கிறார். பேட்டைத் திடலில் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்று ஆட்டக்காரனின் மூச்சைக் கேட்டவருக்கு இது தொலைநோக்கியில் பார்ப்பதுபோல. ஆனாலும் சென்னையின் அணியின் ரசிகர் குழுக்கள் அந்த அரங்கின் ஒரு பகுதியைத் தமதாக்கி, ஆட்டம் முழுவதும் நின்றபடியே பாடி முழங்குகின்றன. ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’ என்ற பெயரே அரங்கின் ஒரு பகுதியைக் குறிப்பது. இருக்கை போட்டபின்னும் நிற்பதற்கு வழி கண்டுபிடித்த இளைஞர்கள் இவர்கள். இவர்களில் பெண்களும் உண்டு. பழைய கேலரிக்கு ஏங்கும் பெரியவர்கள் பெரும்பாலும் இவர்களைக் கண்டுகொள்வதில்லை, இறக்குமதிப் பழக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். கேலரியின் உண்மையான வாரிசுகள் இவர்களே.

இரண்டாவது தடை திடல். வியாசர்பாடி இன்றும் ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டுதான் இருக்கிறது. தன்பால் கணேஷும் நந்தகுமார் சேகரும் அங்கிருந்து வந்தவர்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் வென்ற ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார். கொல்கத்தாவின் மாபெரும் கூட்டம் ஒரு வடசென்னைக்காரரின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்த நாள் அது. அவர் வளர்ந்த பேட்டைகளில் திடல்கள் நெருக்கடியில் இருக்கின்றன. ஒருபுறம் எண்ணெய்க் கிடங்குகள், மறுபுறம் கன்டெய்னர் லாரி வரிசை, நடுவே குடியிருப்பு நெருக்கம் என்ற நிலத்தில் ஒரு காலி மனை காலியாகவே நீடிப்பது பெரும்பாடு. 2021 முதல் மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை ஓடுகிறது. அரங்கத்துக்குப் போகும் நேரம் குறைந்துவிட்டது. போவதற்கான காரணம்தான் இன்னும் போதவில்லை.

ஆகவே ஏக்கத்தை அழுகையாக வைத்திருப்பதைவிட கணக்காக மாற்றுவதே நல்லது. அரங்கின் ஒரு பகுதி மிகக் குறைந்த கட்டணத்தில், இருக்கை எண் இல்லாமல், தடுப்புக் கம்பிகளோடும் பெண்களுக்கும் ஏற்ற கழிப்பறை, வாயில் வசதிகளோடும் ஒதுக்கப்படலாம். சென்னை லீக் ஆட்டங்கள் தொழிலாளி வந்து சேரக்கூடிய நேரத்தில் நடத்தப்படலாம். பேட்டைத் திடல்களின் எல்லை அளக்கப்பட்டு, மாநகராட்சிப் பதிவேட்டில் விளையாட்டு நிலமாக உறுதி செய்யப்படலாம். பழைய ஆட்டக்காரர்களிடம் உள்ள புகைப்படங்களும் பெயர்ப் பட்டியல்களும் சேகரிக்கப்படலாம். இந்தக் கடைசி வேலைக்கு அரசின் அனுமதிகூடத் தேவையில்லை. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேலாகிறது.

கேலரியில் நின்றவர்கள் நின்றது கால் வலிக்காகவா? பக்கத்தில் தெரிந்தவர் இருந்தார், எதிரே தம் தெருப் பையன் ஆடினான், கையிலிருந்த காசுக்கு வாசல் திறந்தது. இம்மூன்றும் உள்ள இடத்தில் சிமெண்ட் படி இருந்தாலும் நெகிழி இருக்கை இருந்தாலும் அது கேலரிதான். இம்மூன்றும் இல்லாத அரங்கம் எத்தனை ஆயிரம் பேர் கொள்ளுமென்றாலும், தண்டையார்பேட்டைக்கு அது வழியில் தென்படும் ஒரு கட்டடம் மட்டுமே.